இரண்டு பேருக்குத்தான் இடம்

என் அப்பாவின் பெயரை நான் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்தது ஒரு கல்லறையில். அப்போது அவர் என் பக்கத்தில் உயிரோடு நின்று மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். கறுப்புக் கல். ஒரு பக்கம் அவருடைய முதல் மனைவியின் பெயர், மறுபக்கம் அவருடைய பெயர். முதல் மனைவி இறந்த கையோடு, தானும் ஒருநாள் அதே குழிக்குள் போவதாக முடிவு செய்து, தன் பெயரையும் பிறந்த தேதியையும் சேர்த்தே வெட்டச் சொல்லிவிட்டார். துக்கத்தில் செய்தது, நல்ல மனசோடு செய்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மறு வருஷமே என் அம்மாவைக் கட்டிக்கொண்டார். கல்லில் மட்டும் எதையும் மாற்றவில்லை.

எங்கள் வீடு பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில். மூன்று தலைமுறையாக அதே மாதா கோயில், அதே கல்லறைத் தோட்டம். அப்பாவின் முதல் மனைவி கான்வென்டில் இங்கிலீஷ் டீச்சர், ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஆர்கன் வாசித்தவர். என் அம்மா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகள். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. தாயில்லாத பையனுக்கும் சமைக்க ஆளில்லாத வீட்டுக்கும் ஒரு பெண் தேவைப்பட்டபோது, யாரோ ஒரு சாமியார் யாரோ ஒரு சாமியாரிடம் சொல்லி அம்மா வந்து சேர்ந்தாள். அந்தப் பையன்தான் என் அண்ணன். அவனுக்கு எங்கள் அப்பா 'டாடி', செத்துப்போனவர் 'மம்மி', என் அம்மா 'சித்தி'. நான் அப்பா, அம்மா என்றேன். ஒரே வீட்டில் இரண்டு வீடு என்பது அந்த வார்த்தைகளிலேயே தெரிந்துவிடும்.

கதைகளைப் படைத்தவர்கள் மனைவிகளை எப்போதோ இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டார்கள். செத்தவள் நல்லவள். இருக்கிறவள்மேல் எப்போதும் ஒரு சந்தேகம். முதல் மனைவி என்றால் மஞ்சள் பூசிய முகத்தோடு கண்ணை மூடுவாள், பிள்ளையின் கையைப் புருஷன் கையில் வைப்பாள். இரண்டாவதாக வருகிறவள் சோற்றில் விஷம் வைப்பாள், பிள்ளையைக் காட்டுக்கு அனுப்புவாள். பள்ளிக்கூடத்தில் இந்தக் கதைகளைப் படித்துவிட்டு அண்ணன் எங்கள் சமையலறை வாசலில் நின்று, அம்மா தட்டில் போட்டதை முதலில் என்னைச் சாப்பிடச் சொல்லுவான். நான் சாப்பிட்டுச் சாகாமல் நின்ற பிறகு அவன் சாப்பிடுவான். அப்பா இதைப் பார்த்துச் சிரிப்பார். அம்மாவும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

ஹாலில் முதல் கல்யாணத்தின் போட்டோ, கோயில் படிக்கட்டில் நின்று எடுத்தது. அம்மாவின் கல்யாண போட்டோ பீரோவுக்குள் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. அப்பா ஒருநாளும் அம்மாவை அடித்ததில்லை. அதட்டியதுகூடக் கிடையாது. குழம்பை ஒரு வாய் எடுத்துவிட்டு ஹால் பக்கம் பார்ப்பார், அவ்வளவுதான். "அவ இருந்தா" என்று ஆரம்பிப்பார், முடிக்கமாட்டார். அடித்திருந்தால் அம்மா நாலு பேரிடம் சொல்லி அழுதிருப்பாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? கோயிலில் எல்லோரும், "தங்கமான மனுஷன் கிடைச்சார் உனக்கு" என்றுதான் சொன்னார்கள். அம்மாவும் தலையை ஆட்டினாள்.

கல்லறைத் திருநாள் வருவதற்கு முந்தின வாரம் எங்கள் ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் போய்க் கல்லறைகளைக் கழுவுவார்கள். எங்கள் வீட்டில் அது அம்மாவின் வேலை. பக்கெட், சோப்புத் தூள், தேங்காய் நார், போன வருஷத்து மெழுகைச் சுரண்ட ஒரு பழைய கரண்டி. தன் புருஷனின் பெண்டாட்டி கல்லறையை முட்டிபோட்டுத் தேய்ப்பாள். அண்ணன் மீசை முளைத்த பிறகும் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பான். "சித்தி, மம்மி பேர் மேல முட்டி படுது பாருங்க" என்பான். அம்மா நகர்ந்து அப்பாவின் பெயர்மேல் முட்டியை ஊன்றிக்கொள்வாள். அதற்கு அவன் ஒன்றும் சொன்னதில்லை.

நான் பெரியவளான பிறகு ஒருநாள் கேட்டேன், "உனக்கு எரிச்சலா இல்லியாம்மா?"

"எரிச்சல் பட்டு?" என்றாள். "உயிரோட கீற வரைக்கும் இது அவ வூடுதான். நான் வந்து பெருக்கிகினு கீறேன். ஆனா ஒண்ணு. செத்தாவது அந்த மனுஷன் எம் பக்கத்துல படுக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வாணாம்."

புடவை கேட்கவில்லை, நகை கேட்கவில்லை, ஹாலில் போட்டோவை மாட்டச் சொல்லவில்லை. அந்த ஒன்றைத்தான் கேட்டாள். நான் அதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன். செத்தவர்களுக்கு யார் பக்கத்தில் கிடந்தால் என்ன?

தொம்மலூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அது பைத்தியக்காரத்தனம் இல்லை என்று பட்டது. ஆபீஸுக்குப் பின்னால் பழைய ஊர்ப் பக்கம் போகிற சந்தில், டிரான்ஸ்பார்மர் ஓரமாக ஒரு கல் நிற்கிறது. தூண் மாதிரி செதுக்கி, அதிலிருந்து ஒரு கை மட்டும் மடங்கி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். மணிக்கட்டில் வளையல். யாரோ மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள். கூட வேலை செய்கிற கன்னடக்காரப் பெண் சொன்னாள், அது மாஸ்திக் கல்லாம். புருஷனின் சிதையில் ஏறினவளுக்கு வைக்கிற கல். அவள் பெயர் என்ன என்று கேட்டேன். "ஹெசரெல்லா யாரு பரீத்தாரே?" என்று சிரித்தாள். பெயரை எல்லாம் யார் எழுதுவார்கள் என்று அர்த்தம். முழுசாக எரிந்தவளுக்கு ஒரு கையும் வளையலும் மிச்சம். வளையல் எதற்கு என்றால், கடைசிவரை மனைவியாகவே இருந்தாள் என்பதற்கு அத்தாட்சி. பழைய கல்வெட்டுகளில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த பெண்களும் இன்னாரின் மனைவி என்றுதான் வருவார்கள். புருஷனோடு கூடவே செத்தவளைப் பாட்டில் புகழ்ந்தார்கள், சாகாமல் கைம்பெண்ணாக இருந்தவளுக்குத் தின்னக் கீரையும் படுக்கத் தரையும் கொடுத்தார்கள். எங்கள் கோயிலில் மனைவிகள் செத்தால் வாசிக்க என்றே பைபிளில் ஒரு பகுதி உண்டு. விடியுமுன் எழுந்து வீட்டாருக்கு ஆகாரம் கொடுக்கிறவளைப் பற்றி அது பேசும். அந்தப் புருஷன் எத்தனை மணிக்கு எழுந்தான் என்று அதில் இருக்காது. இத்தனை காலமாக மனைவிக்கு என்று கொடுக்கப்பட்ட ஒரே இடம் புருஷனுக்குப் பக்கத்தில்தான். என் அம்மாவுக்கு அதுவும் இல்லை, ஏற்கெனவே ஆள் இருந்தது.

அப்பா மார்வலி வந்து மருத்துவமனையில் இறந்தார். மறுநாள் மத்தியானம் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் பெட்டியைக் கொண்டுபோனோம். உள்ளே நுழையும்போதே கடப்பாரைச் சத்தம் கேட்டது. குடும்பக் கல்லறையின் கல்லை நகர்த்தி வைத்துத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஏற்பாடு.

"எதுக்கு அத்தத் தொறக்கறாங்க?" என்றாள் அம்மா.

"டாடிக்குத்தான் சித்தி. மம்மி கூட வைக்கிறோம். டாடியே எழுதி வெச்சிருக்காரே."

"எனக்கு?"

"உங்களுக்கு இப்ப என்ன அவசரம்? அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் அதுல எடம் இருக்குமா?"

அண்ணன் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னான். "ரெண்டு பேருக்குத்தான் சித்தி இடம்."

அம்மா நேராக சாமியாரிடம் போனாள். அவர் வெள்ளை உடுப்பில், கையில் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார். கோயிலில் அவரிடம் தலையைத் தூக்கிப் பேசாதவள் அவள். "ஃபாதர், இன்னிக்கு இவருக்குப் பொண்டாட்டி யாரு?" என்று கேட்டாள்.

"நீங்கதாம்மா. அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப நான் சொல்ற எடத்துல வைங்க. அத்த மூடச் சொல்லுங்க."

சாமியார் அண்ணனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். மனைவி உயிரோடு இருக்கும்போது மனைவி சொல்வதுதான் என்றார். அவருக்கு வேறு வழியில்லை. அண்ணன் முதலில் கத்தினான். அப்புறம் கெஞ்சினான். டாடியின் கடைசி ஆசை அது என்றான்.

"அவரு ஆசைப்படிதான் இத்தினி வருஷமும் நடந்துது. இன்னிக்கு ஒரு நாள் என் ஆசைப்படி படுக்கட்டும்."

அவன் அழ ஆரம்பித்தான். பெரிய கம்பெனியில் மேனேஜராக இருக்கிறவன், தலை நரைக்க ஆரம்பித்தவன், ஜனங்கள் முன்னால் மூக்கு ஒழுக அழுதான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ப்ளீஸ்ம்மா" என்றான். பிறந்ததிலிருந்து நான் கேட்காத வார்த்தை அது அவன் வாயில்.

அம்மா கையை விடுவித்துக்கொண்டாள். "இப்பத்தான் வந்துச்சா அந்த வார்த்தை?" என்றாள்.

எனக்குப் பயமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. இவளா அந்தக் கல்லைத் தேய்த்தவள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்தக் கல்லறை இல்லாதவர்களைப் புதைக்கிற வரிசை காம்பவுண்டுச் சுவர் ஓரமாக இருந்தது. அங்கே புதிதாகக் குழி வெட்டும்வரை எல்லோரும் வெயிலில் காத்திருந்தோம். பெட்டியைத் தூக்கியபோது அம்மா குறுக்கு வழியில் போக விடவில்லை. முதல் மனைவியின் கல்லறைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னாள். முன்பக்கம் தோள் கொடுத்தது அண்ணன். அழுகையை நிறுத்திவிட்டு, "சரி. உங்க இஷ்டம் சித்தி" என்று மட்டும் சொன்னான். தோற்றுப்போனவன் பேச்சு என்று நாங்கள் நினைத்துவிட்டோம்.

அம்மா என்னோடு ஹெப்பகோடிக்கு வந்துவிட்டாள். நானும் என் வீட்டுக்காரரும் அங்கே ஃபிளாட் வாங்கியிருந்தோம். அந்த வருஷங்களில் அவள் நன்றாக இருந்தாள். கல்லறைத் திருநாளுக்கு நான் அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். சுவர் ஓரம் அப்பாவின் மண்மேட்டில் சாமந்தியைக் கொட்டி, மரச் சிலுவையைத் துடைத்து, காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். கல் கட்டலாமா என்று கேட்டால், "நான் போனப்புறம் சேத்துக் கட்டு. ரெண்டு பேரையும் எழுது" என்பாள். தூரத்தில் அண்ணன் தன் மம்மியின் கல்லை ஆள் வைத்துக் கழுவிக்கொண்டிருப்பான். அம்மா அங்கே திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. எனக்கும்தான் தெரியாது. தங்கவயலில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே ஒருத்தரைப் புதைத்தால் அவர் அங்கேதான் இருப்பார். சுரங்கம் மூடி, ஊரே காலியான பிறகும் செத்தவர்கள் அவரவர் இடத்தில் கிடக்கிறார்கள். பெங்களூரில் செத்தவர்களும் வாடகைக்குத்தான். சுவர் ஓர வரிசையில் சில வருஷங்கள் போனதும் வரிசையோடு தோண்டி எடுத்துவிட்டு, அடுத்தவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்த குடும்பங்களுக்கு இது தெரியும். அதனால்தான் அவர்கள் குடும்பக் கல்லறையை விடுவதே இல்லை.

பக்கவாதம் வந்து அம்மா படுக்கையில் விழுந்தாள். இரண்டு கல்லறைத் திருநாளுக்கு எங்களால் போக முடியவில்லை. வாய் கோணிப்போயிருந்தாலும், சாவைப் பற்றிப் பேசும்போது அவள் முகத்தில் பயமில்லை. ஊருக்குப் போகிறவள்போலத்தான் பேசினாள். "அவரு மேலயே வெச்சுடு" என்று குழறிச் சொல்லுவாள். ஒருநாள் காலையில் கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

கல்லறைத் தோட்டத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் ஏற்பாடு செய்யப் போனோம். அப்பாவின் இடத்தில் நீலமும் வெள்ளையுமாக டைல்ஸ் பதித்து, யாரோ ஒரு இளைஞனின் போட்டோ ஒட்டியிருந்தது. வரிசை மாறிவிட்டது என்று நினைத்து இரண்டு தரம் நடந்து பார்த்தேன். குழி வெட்டுகிறவரைக் கூப்பிட்டேன்.

"அந்த லைனு மொத்தம் எடுத்தாச்சும்மா. கோயில்ல அனவுன்ஸ் பண்ணாங்களே. ஒங்க அண்ணன் கைலயும் சொன்னேன் நானு. சரி, எடுத்துக்கோங்கன்னாரு."

"எலும்பெல்லாம்?"

"பின்னால பொதுக் குழிதான். தனியா எடுத்துக் குடுக்கறதில்ல, எல்லாருதும் ஒண்ணாத்தான் கெடக்குது. இப்ப இன்னா பண்றது சொல்லுங்க."

அண்ணனுக்கு போன் செய்தேன். அரை மணியில் வந்துவிட்டான், மாலையோடு. தெரியுமா உனக்கு என்று கேட்டேன். தெரியும் என்றான். குரலில் கொஞ்சம்கூடத் தடுமாற்றம் இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அன்னிக்கு என்னைக் கேட்டா முடிவு பண்ணீங்க? என் மம்மிக்குக் கிடைக்காத டாடி உங்களுக்கு மட்டும் எதுக்கு?"

அறைந்துவிடலாம் என்று கை வந்தது. என் வீட்டுக்காரர் நடுவில் நின்றுகொண்டார். வீட்டில் அம்மா ஃப்ரீஸர் பெட்டியில் கிடக்கிறாள், புது வரிசைக்கு இடமே இல்லை என்று குழி வெட்டுகிறவர் சொல்லிவிட்டார். ஊருக்கு வெளியே எங்கேயாவது தேட வேண்டும், இல்லையென்றால் மின் மயானம். நெருப்பு என்றால் அம்மாவுக்கு அவ்வளவு பயம். அப்போதுதான் அண்ணன் சொன்னான். "மம்மி கல்லறையில டாடி இடம் காலியாத்தான் இருக்கு. சித்திய அதுல வெச்சிடலாம்."

மனசாட்சி உறுத்துகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். சரி என்றேன்.

அதே கல்லை நகர்த்தினார்கள். முதல் மனைவியின் எலும்புகளை ஒதுக்கி வைக்கத் துணி கேட்டார் குழி வெட்டுகிறவர். அண்ணன் ஒரு வெள்ளைத் துண்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான். நான் திரும்பவில்லை, பார்த்தேன். வாழ்நாள் முழுக்க என் அம்மாவை அந்த வீட்டில் வேலைக்காரிபோல நடக்க வைத்தவர் ஒரு துண்டுக்குள் அடங்கிவிட்டார். மூட்டையைக் கால்மாட்டில் வைத்துவிட்டு என் அம்மாவை இறக்கினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சொல்ல வெட்கமில்லை. அந்த ஒரு மணி நேரம், அம்மா இன்னொரு தரம் ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன். புருஷன் இல்லாவிட்டால் போகிறது, இடத்தைப் பிடித்துவிட்டாளே என்று. கல்லில் அம்மாவின் பெயரையும் வெட்ட வேண்டும் என்று சொன்னதற்கு அண்ணன், "பாக்கலாம், நானே ஆள் விட்டுச் செய்யறேன்" என்றான்.

செய்துமிருந்தான். கல்லறைத் திருநாளன்று போய்ப் பார்த்தேன். கல்லைப் பாலிஷ் போட்டு, எழுத்துக்கெல்லாம் தங்கப் பூச்சு பூசியிருந்தது. அம்மாவின் பெயர் எங்கேயும் இல்லை. அப்பாவின் பெயருக்குக் கீழே அவர் இறந்த தேதியை வெட்டியிருந்தார்கள். இரண்டு பெயருக்கும் நடுவில் புதிதாக ஒரு வரியும் சேர்ந்திருந்தது. இங்கே கணவனும் மனைவியும் ஒன்றாக இளைப்பாறுகிறார்கள் என்று.

"அப்பா இங்க இல்லியே" என்றேன்.

"உள்ள எட்டியா பாக்கப் போறாங்க?" என்றான் அண்ணன். "மேல ரெண்டு பேர், உள்ள ரெண்டு பேர். கணக்கு சரியாத்தான இருக்கு?"

அவன் எதற்கு இடம் கொடுத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. தன் மம்மிக்குப் பக்கத்தில் டாடி என்று படுக்க வைக்க அவனுக்கு ஒரு உடம்பு வேண்டியிருந்தது. சாவிலும் என் அம்மா அந்த வீட்டில் ஆள் இல்லாத இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறாள், இந்தத் தடவை அப்பாவின் இடத்தை. கோயிலில் எங்களைத் தெரிந்த கிழவி ஒருத்தி பூ வைத்துவிட்டு, "எப்படியோ கடைசில ஒண்ணு சேந்துட்டாங்கப்பா" என்று அண்ணன் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நிஜமாகவே அழுதான் என்றுதான் நினைக்கிறேன்.

சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசையாக வந்தார். எங்கள் கல்முன் நின்று, அதில் இருந்த இரண்டு பெயர்களையும் வாசித்து, அவர்கள் ஆத்துமா சாந்தியடைய வேண்டிக்கொண்டார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நான் அண்ணனை எந்த வார்த்தை சொன்னால் நன்றாகக் குத்தும் என்று தேடிக்கொண்டே நின்றேன். சாமியார் அடுத்த கல்லறைக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வரும் வழியில், ஹெப்பகோடி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான் நினைவு வந்தது. அம்மாவுக்காக அன்றைக்கு யாருமே வேண்டவில்லை, நானும்தான்.